டெர்மினல் பிராம்ப்டில் நிறம் போய்விட்டதா? எந்த இடத்தில் போனது என்று முதலில் பாருங்கள்

மாதத்துக்கு இரண்டு பேராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். “அண்ணா, பச்சையெல்லாம் போச்சு, வெறும் வெள்ளையா நிக்குது. டெர்மினலை அழிச்சிட்டு மறுபடி போடட்டுமா?” வேண்டாம் தம்பி. டெர்மினலை அழித்துவிட்டு மறுபடி போட்டு இந்தச் சிக்கல் தீர்ந்து நான் பார்த்ததே இல்லை. பிராம்ப்டில், அதாவது கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் நிற்கும் வரியில், பெயரைப் பச்சையிலும் ஃபோல்டரை நீலத்திலும் காட்டச் சொல்வது டெர்மினல் இல்லை, அதற்குள் ஓடி நம் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் பாஷ் என்ற ஷெல். அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் .பாஷ்ஆர்சி கோப்பைப் படித்துவிட்டு முடிவெடுக்கிறது, டெர்மினல் அது சொன்னதை வரைகிறது, அவ்வளவுதான்.

கீழே இருப்பதெல்லாம் உபுண்டு, டெபியன் பழக்கத்தில் எழுதியது. ஆர்ச் லினக்ஸ்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அங்கே பாஷ் பிராம்ப்ட் பிறந்ததிலிருந்தே நிறமில்லாததுதான், எதுவும் கெட்டுப்போகவில்லை. ஃபெடோராவில் 39-ஆம் பதிப்பிலிருந்துதான் நிறம் தானாக வருகிறது. இன்னொன்று, கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள், குறிகளை மட்டும் அப்படியே போடுங்கள்.

முதலில் மூன்று கேள்வி

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றையும் அடித்துவிட்டு அப்புறம் கீழே போங்கள்.

எல்எஸ் --கலர்=ஆல்வேஸ் / என்று அடியுங்கள். ஃபோல்டர் பெயர்கள் நிறத்தில் வந்தால் டெர்மினலுக்கு நிறம் தெரிகிறது, அதன்மேல் பழி போடுவதை விட்டுவிடலாம். வராவிட்டால் “நிறம் இருக்கிறது, ஆனால் சாம்பல்” என்ற பகுதிக்குப் போங்கள்.

எக்கோ $டெர்ம் என்று அடியுங்கள், டெர்ம் நான்கும் பெரிய எழுத்தில். டெர்மினல் தன்னை என்ன பெயரில் சொல்லிக்கொள்கிறது என்பதை வைத்திருக்கும் மாறி அது. வருகிற பதிலை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்டெர்ம்-256கலர் என்று வந்தால் நல்லது. வேறு ஏதாவது வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

எக்கோ $0 என்று அடியுங்கள். பாஷ் என்றோ, முன்னால் ஒரு சிறு கோடு போட்டு -பாஷ் என்றோ வரவேண்டும். அந்தக் கோடு லாகின் ஷெல் (கணக்கில் நுழையும்போது திறக்கும் ஷெல்) என்பதற்கு அடையாளம், பின்னால் தேவைப்படும்.

அறிகுறி: ஒரு டெர்மினலில் நிறம் இருக்கிறது, புதிதாகப் போட்ட இன்னொன்றில் இல்லை

அதிகம் வருவது இதுதான். க்னோம் டெர்மினலில் எல்லாம் சரியாக இருக்கும், யாரோ வேகம் என்று சொன்னார்கள் என்று கிட்டியோ அலாக்ரிட்டியோ ஃபுட்டோ போட்டிருப்பார்கள், அதில் பிராம்ப்ட் வெளுத்துப்போயிருக்கும். “புது டெர்மினல் மட்டம்” என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

.பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து 40-வது வரியை ஒட்டிப் பாருங்கள். டெர்ம் மாறியின் மதிப்பைப் பார்த்து முடிவெடுக்கும் ஒரு கேஸ் வரி இருக்கும். மதிப்பு எக்ஸ்டெர்ம்-கலர் என்று இருந்தாலோ, -256கலர் என்று முடிந்தாலோ நிறம் போடு, மற்றதெல்லாம் வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். கிட்டி தன்னை எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று சொல்லிக்கொள்கிறது, அலாக்ரிட்டி அலாக்ரிட்டி என்றே, ஃபுட் ஃபுட் என்றே. மூன்றும் இந்த வாசலில் ஆள் தெரியாமல் திருப்பி அனுப்பப்படுகின்றன. மூன்றும் கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டக்கூடியவை என்பதுதான் வேடிக்கை.

எளிதான வழி: அந்தக் கேஸ் வரிக்குச் சற்றுக் கீழே ஃபோர்ஸ்_கலர்_பிராம்ப்ட்=யெஸ் என்று ஒரு வரி # குறியோடு தூங்கிக்கொண்டிருக்கும், அந்தக் குறியை எடுத்துவிட்டுச் சேமித்து, புது ஜன்னல் திறந்து பாருங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். (அந்த வரிக்கு மேலே எழுதியிருக்கும் குறிப்பையும் படியுங்கள். கவனம் கட்டளை காட்டும் முடிவின்மேல் இருக்க வேண்டும், பிராம்ப்டின்மேல் இல்லை, அதனால்தான் அணைத்து வைத்திருக்கிறோம் என்று சொல்கிறார்கள். நியாயமான பேச்சுதான், எனக்கு ஒத்துவராது.)

இன்னும் சுத்தமாகச் செய்ய விரும்பினால் கேஸ் வரியிலேயே -256கலர் என்பதற்குப் பின்னால் ஒரு நிற்கும் கோடு | போட்டு எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று சேர்த்துவிடுங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன்.

செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழும் வைத்தியம், .பாஷ்ஆர்சி கோப்பிலேயே எக்ஸ்போர்ட் டெர்ம்=எக்ஸ்டெர்ம்-256கலர் என்று எழுதிவிடு என்பது. நிறம் வரும், உடனே வரும், சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் எந்தத் திரையில் உட்கார்ந்தாலும் நீங்கள் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். டிமக்ஸுக்குள் (ஒரே ஜன்னலுக்குள் பல டெர்மினல்களை ஓட்டும் கருவி) போனால் அங்கேயும் அதே பொய், கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அடித்து வெறும் கன்சோலுக்குப் போனால் அங்கேயும். ஆறு மாதம் கழித்து விம் எடிட்டரில் பின்னணி நிறம் பாதித் திரையில் நின்றுபோகும், ஹோம், எண்ட் பொத்தான்கள் ஏதாவது எழுத்தைக் கக்கும். அப்போது இந்த ஒரு வரி யாருக்கும் ஞாபகம் வராது. தன்னை என்ன பெயரில் அறிவிப்பது என்பது டெர்மினலின் பொறுப்பு. அலாக்ரிட்டியில் அதன் அமைப்புக் கோப்பின் என்வ் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம், பெரிய கெடுதல் இல்லை. கிட்டியில் மாற்றாதீர்கள், எங்கோ படித்த அறிவுரையை நம்பி இதில் கை வைக்காதே என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அறிகுறி: வெளியே நிறம் உண்டு, டிமக்ஸுக்குள் போனால் இல்லை

டிமக்ஸுக்குள் எக்கோ $டெர்ம் அடித்து, வெறும் ஸ்கிரீன் என்று பதில் வந்தால் மேலே சொன்ன அதே வாசல் சிக்கல்தான். .டிமக்ஸ்.கான்ஃப் கோப்பில் செட் -ஜி டிஃபால்ட்-டெர்மினல் என்று எழுதி, அதன் மதிப்பாக டிமக்ஸ்-256கலர் என்று மேற்கோளுக்குள் போடுங்கள். இங்கிருந்து சென்டோஸ் 7 மாதிரிப் பழைய சர்வர்களுக்குப் போய்வருபவராக இருந்தால் ஸ்கிரீன்-256கலர் போடுவது புத்திசாலித்தனம், பழைய பெட்டிகளுக்கு முதல் பெயர் தெரியாது.

மாற்றிவிட்டு “இன்னும் வரலையே” என்று வருபவர்கள் எல்லாரும் பழைய பேனையே (டிமக்ஸுக்குள் இருக்கும் ஒரு கட்டம்) பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிமக்ஸ் அந்தக் கோப்பைத் தன் சர்வர் தொடங்கும்போது மட்டும்தான் படிக்கும். டிமக்ஸ் சோர்ஸ்-ஃபைல் என்று அடித்து கோப்பின் பெயரைக் கொடுத்து, பிறகு புது விண்டோ திறக்க வேண்டும். திறந்திருப்பவை பழைய பெயரோடுதான் கிடக்கும். கில்-சர்வர் அடித்தாலும் சரியாகும், ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் அத்தனையும் சேர்ந்து போகும். பின்னணியில் எட்டு மணி நேர வேலை ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

டெர்ம் சரியாக இருந்தும் நிறம் இல்லையென்றால்? டிமக்ஸ் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு பேனிலும் லாகின் ஷெல்லைத்தான் திறக்கும். இது பலருக்குத் தெரியாது. அடுத்த பகுதியில் “பெயர் வருகிறது, நிறம் இல்லை” என்பதைப் படியுங்கள், அதே காரணம்தான்.

அறிகுறி: சொந்த மெஷினில் சரி, எஸ்எஸ்எச் போட்டு சர்வருக்குள் போனால் இல்லை

இங்கே பிராம்ப்டின் உருவத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

— வெறும் $ மட்டும் நிற்கிறது

பெயரும் இல்லை, ஃபோல்டரும் இல்லை, மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளைக்குப் பதில் ஏதோ குறிகள் விழுகின்றன. நீங்கள் பாஷில் இல்லை, டாஷ் என்ற இன்னொரு எளிய ஷெல்லில் இருக்கிறீர்கள். யாரோ உங்கள் கணக்கை யூசர்ஆட் கட்டளையில் உருவாக்கியிருக்கிறார்கள். ஷெல் எது என்று சொல்லாமல் விட்டால் டெபியன் குடும்பத்தில் அது /பின்/எஸ்எச் என்று வைத்துவிடும், அதன் பின்னால் இருப்பது டாஷ். ஆட்யூசர் என்ற இன்னொரு கட்டளை பாஷ் கொடுக்கும், ஹோம் ஃபோல்டரையும் நிரப்பித் தரும். பெயரைத் திருப்பிப் போட்டால் குணம் மாறும் இரண்டு கட்டளைகள், பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

சிஎச்எஸ்எச் -எஸ் /பின்/பாஷ் அடித்து, கடவுச்சொல் கொடுத்து, வெளியே போய் மறுபடி வாருங்கள்.

— -பாஷ்-4.2$ மாதிரி ஷெல் பெயரும் எண்ணும் வருகிறது

பாஷ் வந்துவிட்டது, ஆனால் படிக்க வேண்டிய கோப்புகள் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. எல்எஸ் -லா ~ அடித்துப் பாருங்கள். .பாஷ்ஆர்சி, .ப்ரொஃபைல் போன்றவை இல்லையென்றால் /இடிசி/ஸ்கெல் ஃபோல்டரில் இருக்கும் மூலப் பிரதிகளைச் சிபி போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஹோம் ஃபோல்டரே இல்லை, அல்லது உரிமையாளர் பெயர் வேறு யாரோ என்றால் அங்கேயே நில்லுங்கள். அது நிறப் பிரச்சினை இல்லை, டிஸ்க் மவுன்ட் ஆகாமல் இருக்கலாம். அட்மினைக் கூப்பிடுங்கள்.

— பெயர், சர்வர், ஃபோல்டர் எல்லாம் வருகிறது, நிறம் மட்டும் இல்லை

எஸ்எஸ்எச்சில் நுழைவது லாகின் ஷெல். லாகின் ஷெல் நேரடியாக .பாஷ்ஆர்சியைப் படிக்காது. .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல் என்று இந்த வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். உபுண்டுவில் .ப்ரொஃபைல் கோப்புதான் .பாஷ்ஆர்சியைக் கூப்பிட்டுக் கொடுக்கிறது. நீங்கள் ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவும்போது அது பாத் சேர்க்கிறேன் என்று .பாஷ்_ப்ரொஃபைல் ஒன்றைப் புதிதாக உருவாக்கிவிட்டுப் போனால், அன்றிலிருந்து .ப்ரொஃபைலைச் சீண்ட ஆள் இல்லை, நிறமும் இல்லை, நீங்கள் வைத்திருந்த அலியாஸ்களும் (கட்டளைகளுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள்) இல்லை. போன வாரம்கூட ஒரு தம்பியின் சர்வரில் பார்த்தேன், ஒரே ஒரு வரி இருந்த .பாஷ்_ப்ரொஃபைல், நிறுவியவர் அதையே மறந்துவிட்டார்.

அந்த ஒரு வரியை .ப்ரொஃபைலின் கடைசிக்கு நகர்த்திவிட்டு .பாஷ்_ப்ரொஃபைலின் பெயரை மாற்றி வையுங்கள். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். இன்னொன்று, சர்வரில் இந்தக் கோப்புகளைத் தொடும்போது இன்னொரு ஜன்னலில் இன்னொரு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள். தவறிப்போய் எக்ஸிட் என்று ஒரு வரி உள்ளே விழுந்துவிட்டால் அடுத்த முறை கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

— டெர்மினல் வகை தெரியவில்லை என்று திட்டுகிறது

டாப் அல்லது கிளியர் அடித்தால் எக்ஸ்டெர்ம்-கிட்டி தெரியாத டெர்மினல் வகை என்கிறதா? எஸ்எஸ்எச் உங்கள் டெர்ம் மதிப்பைச் சர்வருக்குக் கொண்டுபோகிறது, அந்தப் பெயருள்ள டெர்மினலுக்கு என்னென்ன தெரியும் என்று சொல்லும் டெர்ம்இன்ஃபோ கோப்பு அங்கே இல்லை. கிட்டியாக இருந்தால் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் கிட்டன் எஸ்எஸ்எச் என்று போட்டு நுழையுங்கள், அதுவே எடுத்துக்கொண்டு போய் வைத்துவிடும். மற்றவற்றுக்கு உங்கள் மெஷினில் இன்ஃபோகம்ப் -எக்ஸ் கொடுத்து வருவதைப் பைப் (|) வழியாகச் சர்வரில் டிக் -எக்ஸ் - கட்டளைக்கு ஊட்ட வேண்டும். ரூட் உரிமை, அதாவது நிர்வாகி உரிமை, தேவையில்லை, உங்கள் ஹோமுக்குள்ளேயே பதிந்துகொள்ளும். அவசரமாக ஒரு நிமிட வேலைக்கு மட்டும் நுழைந்திருந்தால், அந்த இணைப்புக்கு மட்டும் டெர்மை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று கையால் மாற்றிக்கொண்டு வேலையைப் பாருங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அறிகுறி: சூடோ -ஐ போட்டு ரூட் ஆனதும் நிறம் போய்விடுகிறது

டெபியனில் இது பிழை இல்லை. ரூட்டுக்குத் தனி .பாஷ்ஆர்சி, அதில் நிறமே கிடையாது. எல்எஸ் நிறங்களுக்கான வரிகள்கூட # போட்டுத்தான் கிடக்கும்.

ஆனால் விடாதீர்கள், சிவப்பு போட்டு வையுங்கள். நான் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒருநாள் மாலை ஐந்து ஜன்னல், ஐந்திலும் வெள்ளை பிராம்ப்ட், சோதனை சர்வர் என்று நினைத்து ரீபூட் அடித்தேன். அது உண்மையான சர்வர். பக்கத்து அறையில் ஃபோன் மணி அடிக்க ஆரம்பித்தபோதுதான் சர்வர் பெயரைப் படித்தேன். அன்று இரவே எல்லாப் பெட்டியிலும் ரூட் பிராம்ப்ட் சிவப்பு ஆனது.

/ரூட் ஃபோல்டரில் இருக்கும் .பாஷ்ஆர்சியின் கடைசியில் பிஎஸ்1 வரி ஒன்று சேருங்கள், பிராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் மாறி அது. உங்கள் சொந்தக் கோப்பில் உள்ள வரியையே நகலெடுத்து 01;32 என்பதை 01;31 ஆக மாற்றினால் போதும். 31 சிவப்பு, 32 பச்சை, 34 நீலம்.

அறிகுறி: நேற்று இருந்தது, இன்று எங்கேயும் இல்லை

நேற்று என்ன செய்தீர்கள்? “ஒண்ணுமே செய்யலை” என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். எல்எஸ் -லா ~ போட்டு .பாஷ்ஆர்சி கடைசியாக மாறிய தேதியைக் காட்டினால் “ஆமா, அது மட்டும்…” என்று இழுப்பார்கள்.

பாஷ் -என் ~/.பாஷ்ஆர்சி அடியுங்கள். எதையும் ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். ஒரு மேற்கோள் குறி மூடாமல் விட்டிருந்தால் இங்கே பிடிபடும்.

ஜன்னல் திறந்ததுமே $'\ஆர்' கட்டளை இல்லை என்று வரிவரியாகக் கொட்டினால் அந்தக் கோப்பை யாரோ விண்டோஸில் திறந்து சேமித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். டாஸ்2யுனிக்ஸ் கட்டளை அதைச் சுரண்டி எடுத்துவிடும்.

இரண்டும் சரி என்றால் கிரெப் -என் பிஎஸ்1 என்று போட்டு .பாஷ்ஆர்சியில் பிஎஸ்1 எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். கடைசியில் வருவதுதான் செல்லும். எந்தக் கருவியோ அடியில் தன் பிராம்ப்டை எழுதிவைத்திருந்தால், மேலே நீங்கள் போட்ட அலங்காரமெல்லாம் வீண். ப்ராம்ப்ட்_கமாண்ட் என்ற மாறியையும் எக்கோ போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் பிஎஸ்1-ஐ மாற்றி எழுதும் வேலையை அங்கே ஒளித்து வைப்பவர்கள் உண்டு.

எதுவும் பிடிபடவில்லையா? ஆட்யூசர் போட்டு ஒரு புதுப் பயனரை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே நிறம் வந்தால் கோளாறு உங்கள் ஹோமுக்குள், பழைய .பாஷ்ஆர்சியைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு /இடிசி/ஸ்கெல்லிலிருந்து புதிதாக எடுங்கள். அங்கேயும் வராவிட்டால் /இடிசி/பாஷ்.பாஷ்ஆர்சி பக்கம் பாருங்கள்.

அறிகுறி: நிறம் இருக்கிறது, ஆனால் சாம்பல்

ஒருவர் நிறம் இல்லை என்றார், நான் பிஎஸ்1-ஐப் பார்த்தேன், எல்லாம் சரி. அரை மணி நேரம் போன பிறகுதான் சோலரைஸ்டு நிறத்தொகுப்பு போட்டிருக்கிறார் என்று கண்ணில் பட்டது.

2011-இல் வந்த அந்தத் தொகுப்பில் 16 இடங்களில் பிரகாசமான நிறங்களுக்கான இடங்கள் பலவற்றில் சாம்பல் வகைகளை வைத்திருக்கிறார்கள். பிரகாசப் பச்சை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் சாம்பல், பிரகாச நீலத்தின் இடத்தில் இன்னொரு சாம்பல். உபுண்டு பிராம்ப்டில் இருப்பது 01;32, அதாவது தடித்த பச்சை. தடித்த எழுத்தைப் பிரகாச நிறத்தில் காட்டு என்ற டிக் போட்டிருந்தால் பச்சை நேராகப் போய் அந்தச் சாம்பலில் விழும். க்னோம் டெர்மினலில் ப்ரொஃபைலுக்குள் நிறங்கள் பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அல்லது 01 என்பதை 00 ஆக்குங்கள்.

அதே பக்கத்தில் எழுத்தும் பின்னணியும் ஒரே நிறமாகத் தேர்வாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

அறிகுறி: நிறத்துக்குப் பதில் \[\033[01;32 என்று குப்பை தெரிகிறது

பாஷுக்கு எழுதிய பிஎஸ்1-ஐ வேறு ஷெல் வாசிக்கிறது. பெரும்பாலும் பிஎஸ்1-க்கு முன்னால் எக்ஸ்போர்ட் போட்டிருப்பீர்கள், பிறகு எஸ்எச் அடித்து டாஷுக்குள் போயிருப்பீர்கள். எக்ஸ்போர்ட்டை எடுங்கள். இசட்-ஷெல்லுக்கு மாறியவர்களுக்கும் இதே கதை, அங்கே %எஃப் வகை எழுத்துமுறையே வேறு. காளி லினக்ஸ் 2020.4-இலிருந்து இசட்-ஷெல்லைத்தான் தருகிறது, பழைய பாஷ் வரியைக் கொண்டுபோய் அங்கே ஒட்டாதீர்கள்.

குப்பை இல்லை, ஆனால் நீளமாக அடித்தால் வரி கீழே இறங்காமல் தன் தலையிலேயே ஏறி எழுதுகிறதா? நிறக் குறியீட்டைச் சுற்றி \[ \] போடவில்லை. பாஷ் அந்தக் குறியீட்டையும் எழுத்தாக எண்ணிக்கொண்டு வரியின் நீளத்தைத் தப்பாகக் கணக்குப் போடுகிறது. நீங்கள் அடிக்கும் கட்டளையும் பச்சையாகவே வந்தால் முடிவில் 00 போட்டு நிறத்தை மூடவில்லை.

அறிகுறி: பிராம்ப்ட் சரி, எல்எஸ் மட்டும் வெள்ளை

டைப் எல்எஸ் அடியுங்கள். --கலர்=ஆட்டோ என்ற அலியாஸ் தெரியவில்லையென்றால் .பாஷ்ஆர்சியில் சேருங்கள். பைப் போட்டு லெஸ்ஸுக்கு அனுப்பும்போது நிறம் போவது ஆட்டோவின் இயல்பு.

எப்போது அட்மினைக் கூப்பிடுவது

சொந்த மெஷின் என்றால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அலுவலகச் சர்வரில் சில இடங்களில் நாமாக நோண்டக் கூடாது. சிஎச்எஸ்எச் அடித்தால் உங்கள் பெயர் /இடிசி/பாஸ்வர்ட் கோப்பில் இல்லை என்கிறதா, உங்கள் கணக்கு எல்டாப் என்ற மையக் கணக்குப் பட்டியலிலிருந்து வருகிறது, ஷெல்லை அங்கே இருப்பவர்தான் மாற்ற முடியும். ஒரே நாளில் உங்களுக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சேர்ந்து நிறம் போனால் பொதுக் கோப்பை யாரோ தொட்டிருக்கிறார்கள். டிஎஃப் -எச் போட்டு ஹோம் இருக்கும் டிஸ்க் நூறு சதவீதம் என்று காட்டினால் நிறத்தை மறந்துவிட்டு உடனே சொல்லுங்கள்.

.பாஷ்ஆர்சியின் அடியில் நீங்களும் எழுதாத, எந்தக் கருவியும் எழுதியதாகத் தெரியாத ஒரு வரி, அதுவும் எங்கிருந்தோ எதையோ இறக்கி பாஷுக்கு ஊட்டும் வரி கிடந்தால், அதை அழிக்காதீர்கள், ஓட்டியும் பார்க்காதீர்கள். அப்படியே பாதுகாப்புப் பிரிவுக்குக் காட்டுங்கள். மற்ற எதற்குக் கூப்பிட்டாலும் ஆரம்பத்தில் கேட்ட மூன்று பதில்களையும் எல்எஸ் -லா ~ காட்டியதையும் கையோடு அனுப்புங்கள். “டெர்மினல் வேலை செய்யலை” என்று ஒற்றை வரி அனுப்பினால் அவர் திருப்பிக் கேட்கப்போவது அவற்றைத்தான்.